மூன்று எழுத்துக்கு மூன்று எழுத்து

அச்சுக்கூடத்தில் பிழை திருத்துபவராக இருந்த ஒருவர் தமது ஐம்பத்தெட்டாவது வயதில் முதல் கவிதைப் புத்தகத்தை வெளியிட்டார். நான் அப்போது கொழும்புப் பத்திரிகை ஒன்றின் மட்டக்களப்பு நிருபர். அந்த அச்சுக்கூடத்தில் வேலை செய்யும் தொலைபேசி இருந்தது. அதனால் என் செய்திகளில் பாதியை அவருடைய மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். நான் எழுதுவேன், அவர் எதிரே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மரண அறிவித்தல்களைத் திருத்துவார். அந்த வருடங்களில் கலியாண அட்டைகளைவிட மரண அறிவித்தல்கள்தான் அதிகம் அச்சாயின. இரண்டுக்கும் எழுத்துப் பெட்டி ஒன்றே. இறந்தவரின் பெயரில் ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தால்கூட அவர் அச்சு இயந்திரத்தை நிறுத்திவிடுவார். "உயிரோட இருக்கக்குள்ள பிழையா எழுதினா அவன் வந்து கேப்பான். செத்தவன் வந்து கேக்கமாட்டான், நாமதான் பாக்கவேணும்" என்பார்.

இருபத்தைந்து வருடமாகக் கவிதை எழுதியவர். அவற்றைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை, ஒரு வார்த்தை பேசியதுமில்லை. இதை அவர் குறையாகச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, புத்தக வேலை தொடங்கியபோது, சொன்னார்: "தம்பி, நல்லதெண்டு சொல்லத் தேவையில்ல. கவிதையா, இல்லையா எண்டு தெரிஞ்ச ஒராள் சொன்னாக் காணும்." அந்தத் தெரிந்த ஆளையும் அவரே தேர்ந்திருந்தார். வந்தாறுமூலை வளாகத்தில் தமிழ் படிப்பித்த யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் அவர். எதையும் இலேசில் பாராட்டாதவர் என்று பெயர். வெளியீட்டு விழாவில் ஆய்வுரை செய்ய அவர் சம்மதித்ததற்கு அடுத்த மூன்று வாரமும் எங்கள் கவிஞருக்கு வேறு பேச்சு இருக்கவில்லை.

அச்சேறும் முன் படிகளை என்னிடம் தந்தார். "பேப்பர்க்காரன்ட கண்ணால ஒருக்காப் பாருங்க."

பார்த்தேன். ஒரு சொல்லை ஒன்பது இடத்தில் கோடிட்டேன். மறுகா.

எங்கள் பகுதியில் 'பிறகு' என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். சாப்பிட்டு மறுகா வாறன், மழை விடட்டும் மறுகா பாப்பம். இன்னொரு பயனும் அதற்கு உண்டு. கதை சொல்பவர் மூச்சு வாங்க நிறுத்தினால், கேட்பவர் "மறுகா?" என்பார். மேலே சொல்லு, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். என் செய்திகளில் யாருடைய வாய்மொழியிலாவது இந்தச் சொல் வந்தால் கொழும்பு ஆசிரியர் மேசை வெட்டிவிடும். வெட்டப்பட்டு வெட்டப்பட்டு நானே வெட்டப் பழகியிருந்தேன்.

"யாழ்ப்பாணத்தில ஒராள் வாசிச்சா இந்த இடத்தில நிப்பார் அண்ணன்" என்றேன்.

"நிப்பாரா, விழுவாரா?"

"நிப்பார். விளங்காது."

"அப்ப என்ன போடுற?"

"பிறகு எண்டு போடுங்க."

அவர் விரலை மடக்கி எண்ணினார். "மூண்டெழுத்துக்கு மூண்டெழுத்து. வரி குலையாது." அன்று பின்னேரமே எழுத்துக் கோப்பவரை விலகச் சொல்லிவிட்டு, ஒன்பது இடத்திலும் ஈய எழுத்துகளை இடுக்கியால் எடுத்துத் தானே மாற்றினார். எனக்குத் திருப்தியாக இருந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை.

இனிப் பாட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவும் பக்கத்து இரண்டு தெருக்களும் ஒரு பாடசாலையில் அகதிகளாக இருந்த மாதங்களில் அந்தக் குழு தொடங்கியது. பிள்ளைகள் ஷெல் விழும் சத்தங்களை எண்ணப் பழகியிருந்தார்கள். காலையில் எழுந்ததும் யார் கூடுதலாக எண்ணியது என்று சண்டை பிடிப்பார்கள். ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர் ஒருவர் அதே வகுப்பறையில் இருந்தார். தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். எண்ணுவதை மறக்கடிக்க அவர் பிள்ளைகளைப் பாட வைத்தார். பிள்ளைகள் வெட்கப்பட்டார்கள், அதனால் பெரியவர்களையும் பாட வைத்தார். வீடு திரும்பிய பிறகும் பெரியவர்கள் விடவில்லை. மூடிக்கிடந்த நெசவு நிலையம் ஒன்றில் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடினோம். தறிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு நிற்போம். கோயிலில் பாடுபவர்கள், தேவாலயத்தில் பாடுபவர்கள், எங்கேயும் பாடியிராதவர்கள். வாவிக்கு அக்கரையில் வவுணதீவுப் பக்கமிருந்து நாலைந்து பேர் சைக்கிளில் வருவார்கள், அவர்களில் ஒருவர் மீன்பிடிகாரர். எங்கள் எல்லோருடைய குரலும் சேர்ந்தாலும் அவருடையதுக்குக் கீழேதான். தெருமுனையில் தையற்கடை வைத்திருந்த ஒரு பெண்ணும் இருந்தார். எல்லோருக்கும் அவர் தையலக்கா. ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் இடையில் அவர் சொல்லும் பகிடிகளுக்காகவே சிலர் வந்தார்கள்.

நான் பின்வரிசை. முதல் மாதத்திலேயே ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, நீங்க வாய மட்டும் அசைங்க. முகம் நல்லாத்தான் இரிக்கி."

குழுவுக்கென்று ஒரு பாட்டு இருந்தது. அதை எழுதியவர் எங்கள் பிழைதிருத்துநர். பாடசாலையில் அவர் குடும்பம் அடுத்த வகுப்பறையில் இருந்தது. ரீச்சர் கேட்டதற்காக, பழைய அச்சுப்படி ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு பகலில் எழுதித் தந்தார். ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

வலை எறிந்தோம் – மறுகா?
வழி பார்த்தோம் – மறுகா?
அலை அடங்கும் – மறுகா?
ஆள் வருவார் – மறுகா?

இந்த நாலு வரிதான், திருப்பித் திருப்பிப் பாடுவோம். பொங்கலுக்கும் பாடினோம், கிறிஸ்மசுக்கும் பாடினோம், பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும் பாடினோம். எழுதியவர் ஒரு பயிற்சிக்கும் வந்ததில்லை. அது சும்மா எழுதியது என்பார். ஆனால் புத்தகத்தில் அதையும் ஒரு கவிதையாகச் சேர்த்திருந்தார். நான் கோடிட்ட ஒன்பது இடங்களில் நாலு அங்கேதான்.

விழாவுக்கு இரண்டு நாள் முன் ரீச்சர் அச்சுக்கூட வாசலில் என்னைப் பிடித்தார். நிகழ்ச்சி நிரல் என் பொறுப்பு.

"நாங்க படிக்கப்போறம். அவருக்குத் தெரியவேணாம்."

"பாட்டே வேணாமெண்டு சொல்லிட்டார் ரீச்சர். பாட்டுப் படிச்சா அது பாட்டுப் புத்தகமாப் போயிருமாம்."

"கேட்டாத்தானே வேணாமெண்டுவார்? நாங்க கேக்கயில்ல."

ஆர்மோனியம் கிடையாது என்றும் சொன்னார். போன வருடம் அக்கரையில் ஒரு நிகழ்ச்சிக்கு அதைக் கொண்டுபோனபோது சோதனைச் சாவடியில் இறக்கச் சொன்னார்கள். துருத்திக்குள் கைவிட்டுப் பார்த்த சிப்பாய் பிறகு கட்டைகளை அமுக்கிப் பார்த்தான். பிறகு குந்தி இருந்து ஒரு சிங்களப் பாட்டு வாசித்தான். முடித்ததும் இன்னொன்று. பின்னால் சைக்கிள்கள் வரிசையில் நிற்க, ரீச்சர் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். "நல்ல கை அவனுக்கு. சுரம்தான் ரெண்டு இடத்தில பிழை" என்று வரும் வழியெல்லாம் சொன்னார்.

எனவே வெறும் குரல். குழுவினர் சபையில் ஆளுக்கொரு மூலையில், வந்த சனத்தைப்போல உட்கார்ந்திருப்பார்கள். ஆய்வுரை முடிந்து, ஏற்புரைக்குக் கவிஞரை அழைக்க நான் எழும்புவேன். நான் எழும்புவதுதான் அடையாளம். பாட்டு தொடங்கும்.

நான் சம்மதித்தேன். எத்தனை நிமிடம் எடுக்கும் என்று மட்டும் கேட்டேன். அக்கரைக்காரர் ஐந்து மணிக்கு முன் சாவடியைத் தாண்ட வேண்டும், நாலரைக்குக் கூட்டம் கலைய வேண்டும் என்பதே என் கவலை. நான் மாற்றிய சொல் என் நினைவுக்கு வரவில்லை. பாட்டு வாயில் இருந்தது, கவிதை தாளில் இருந்தது. இரண்டும் ஒரு மண்டபத்தில் சந்திக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை இரண்டரைக்குத் தொடங்கியது. வாவியைப் பார்த்த மேல்மாடி மண்டபம். மின்சாரம் இல்லை. ஒலிவாங்கி கார் பற்றரியில் ஓடியது. தலைவர் தம் பாடசாலைக் காலத்திலிருந்து தொடங்கியதால் ஆய்வுரை மூன்றரைக்குத்தான் ஆரம்பித்தது. மேடையில் கவிஞர் வெள்ளை வேட்டியுடன், இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, படம் எடுக்க உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

விரிவுரையாளர் நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். முப்பது கவிதையில் ஆறைத் தேறாதவை என்றார், பத்தைப் பரவாயில்லை என்றார். மிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்து ஏன் நிற்கின்றன என்று காட்டினார். கவிஞரின் கைகள் முழங்காலை விட்டு மடிக்கு வந்தன.

"கடைசியாக ஒரு குறை" என்றார். புத்தகத்தை விரித்து வாசித்தார்.

"வலை எறிந்தோம் பிறகு, வழி பார்த்தோம் பிறகு... இந்தப் 'பிறகு' குற்றியலுகரத்தில் முடியிற சொல். நீட்ட ஏலாது. அடி ஏறிக்கொண்டு வந்து இந்த இடத்திலை இடறி விழுகுது. நூலிலை ஒன்பது இடத்திலை இந்தச் சொல் வருது, ஒன்பதிலும் இதே கதைதான். மற்ற இடமெல்லாம் இவ்வளவு செவியோடை எழுதின மனுசன் இதை எப்படி எழுதினார்? எனக்கு விளங்கயில்லை. ஒருவேளை அந்தச் செவி தற்செயலோ எண்டுகூட யோசிச்சன்."

கவிஞர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டித் தலைப்பால் துடைத்தார். மறுபடி போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடம் காத்திருந்து கேட்ட தீர்ப்பு, தற்செயலோ என்பதில் வந்து நின்றது. அந்த ஒன்பதும் என் கோடுகள். எனக்கும் கவிஞருக்கும் தவிர அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

அப்போதுதான் மற்றது உறைத்தது. இன்னும் ஒரு நிமிடத்தில் ஒரு குழு எழும்பி, அதே கவிதையை, அச்சில் இல்லாத சொல்லோடு பாடப்போகிறது. இப்போதுதான் குறைசொல்லப்பட்ட இடத்தை ஊரே சேர்ந்து தடவிக் காட்டுவது போலிருக்கும். சொந்தச் சொல்லை வெட்கப்பட்டு மறைத்தவர் என்று சபை சிரிக்கும். ரீச்சர் மூன்றாவது வரிசையில், யன்னலோரம் இருந்தார். வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் சொல்லி நிறுத்திவிடலாம் என்று எழும்பினேன்.

நான் எழும்புவதுதான் அடையாளம்.

"வலை எறிந்தோம்" என்று பின்கதவடியிலிருந்து மீன்பிடிகாரரின் குரல் வந்தது. சபை திரும்பிப் பார்க்குமுன் நடு வரிசையிலிருந்தும் படிக்கட்டுப் பக்கத்திலிருந்தும் மேடைக்கு நேர் முன்னாலிருந்தும் மற்றவர்கள் எழும்பினார்கள்.

"மறுகா?"

ரீச்சரின் கை உயர்ந்து நின்றது. அந்தக் 'கா' எவ்வளவு தூரம் நீளும் என்பதை நான் ஐந்து வருடம் வாயசைத்தும் கவனித்ததில்லை. கூரைவரை போய், அடுத்த வரி வந்து தொடும்வரை நின்றது. விரிவுரையாளர் இடறினது என்று சொன்ன இடத்தில் பாட்டு மூச்சு வாங்கிக்கொண்டது.

மூன்றாவது வரிக்குக் குழுவில் இல்லாதவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். சிலர் அந்தப் பாடசாலையில் எங்களோடு இருந்தவர்கள். மற்றவர்களுக்குப் பாட்டுத் தெரியாது. ஆனால் ஒருவர் ஒன்றைச் சொல்லி நிறுத்தினால் மறுகா என்று கேட்பது எங்களுக்கு வாய்ப்பழக்கம். தலைவரும் கேட்டார். கடைசி வரி 'ஆள் வருவார்.' அதற்கும் ஒரு மறுகா. பதில் இல்லை. பாட்டு கேள்வியிலேயே முடியும். அந்த மண்டபத்தில் ஆள் வரக் காத்திருக்காத குடும்பம் எத்தனை என்று நான் பார்க்கவில்லை. கைதட்டினார்கள்.

விரிவுரையாளர் இன்னும் ஒலிவாங்கியடியில்தான் நின்றார். புத்தகத்தில் விரல் வைத்திருந்தார்.

"கடைசியிலை ஒரு சொல் பாடினியளே, அது என்ன?" என்று முன்னால் நின்ற தையலக்காவைக் கேட்டார்.

"எது சேர்? மறுகாவா?"

"ஓம். மறுகா எண்டால் என்ன?"

தையலக்கா யோசித்தார். "மறுகா எண்டா... மறுகாதான் சேர்."

மண்டபம் சிரித்தது. பின்னாலிருந்து மீன்பிடிகாரர், "சேர் ஒரு கதை சொல்லுங்க, நாங்க மறுகா எண்டுறம், வெளங்கிரும்" என்றார்.

அவரும் சிரித்துவிட்டார். பக்கத்தைப் பார்த்து, அச்சில் இருந்ததை விட்டுவிட்டு, புதுச் சொல்லோடு நாலு வரியையும் தமக்குள் சொல்லிப் பார்த்தார். ஒலிவாங்கி திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "இப்ப இது கேள்வி. புத்தகத்திலை இது வெறும் தகவல்" என்றார். பிறகு நிமிர்ந்தார். "அப்ப புத்தகத்திலை ஏன் பிறகு எண்டு கிடக்கு?"

நான் ஒலிவாங்கியிலிருந்து இரண்டு அடி தூரத்தில் நின்றேன். என் வாயில் பதில் இருந்தது. அசைக்கவில்லை.

கவிஞர் எழும்பி வந்தார். நாலு பக்கத்தில் ஏற்புரை எழுதி வைத்திருந்தார், எனக்கு வாசித்தும் காட்டியிருந்தார். அதைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டுப் பேசினார்.

"நான் முப்பது வருசமா மத்தவங்கட பிழையத் திருத்தினவன். கை பழகித்து. என்ட சரியையும் திருத்திப்போட்டன். அந்த ஒம்பது இடமும் என்ட பிழை." என் பக்கம் பார்க்கவில்லை. பாடியவர்களைப் பார்த்தார். "வரச் சொல்லாம வந்த ஆக்களுக்கு நன்றி சொல்லோணுமா, ஏசோணுமா எண்டு எனக்குத் தெரியல்ல."

"ஏசுங்க, மறுகா நன்றி சொல்லுங்க!" என்றார் தையலக்கா.

விரிவுரையாளர் ஒலிவாங்கியை இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். அவர் சொன்னதை நான் குறிப்புப் புத்தகத்தில் அப்படியே எழுதினேன். "தற்செயல் எண்ட சொல்லைத் திருப்பி எடுக்கிறன். இது கவிதை. அச்சிலைதான் பிழை."

பிழை திருத்துபவர் ஒருவருக்கு அதைவிடப் பெரிய ஏச்சும் கிடையாது, அதைவிடப் பெரிய பாராட்டும் கிடையாது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

நாலு இருபது. அக்கரைக்காரர் தேநீரை நின்றபடி குடித்து, வடையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். மேல்மாடி யன்னலில் நின்று பார்த்தேன். சைக்கிள்கள் பாலத்துப் பக்கம் திரும்பின. மீன்பிடிகாரர் இன்னும் பாடிக்கொண்டு போனார், சைக்கிளில் பின்னால் இருந்தவர் கேள்வி கேட்டுக்கொண்டு போனார். செய்தியை மறுநாள் அனுப்பினேன். பாடற்குழு பற்றிய இரண்டு வரியையும் மேசை வெட்டிவிட்டது. அந்த ஆட்கள் இப்போது பல நாடுகளில் இருக்கிறார்கள், ரீச்சர் இல்லை, நெசவு நிலையம் இருந்த இடத்தில் வேறு கட்டடம். எந்தச் சனிக்கிழமையும் மூன்று மணிக்கு எனக்கு ஒரு விதமான அந்தரம் வரும். போக வேண்டிய இடம் ஒன்று இருப்பதுபோல.

திங்கட்கிழமை அச்சுக்கூடத்துக்குப் போனபோது அவர் பிழைதிருத்தத் துண்டு அடித்து முடித்திருந்தார். ஒன்பது வரி. பக்க எண், அடி எண், பிறகு என்பதை மறுகா என வாசிக்கவும். விற்காத பிரதிகளைக் கட்டுக் கட்டாக மேசையில் அடுக்கி, கோதுமை மாப் பசை காய்ச்சி வைத்திருந்தார். நானும் உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினேன். பத்துப் பிரதி ஒட்டிய பின் சொன்னேன்:

"அண்டைக்கு நான் சொல்லியிருக்கோணும் அண்ணன். மாத்தச் சொன்னது நான்தான் எண்டு."

அவர் பசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, ரீச்சரிட்டக் காட்டியிருந்தா அவ மாத்த விட்டிருப்பாவா?"

"விடமாட்டா."

"தையல்காரப் பிள்ளையிட்டக் காட்டியிருந்தா?"

"சிரிச்சிருப்பா."

"அதுதான் உங்களிட்டக் காட்டினன். பேப்பர்க்காரன் மாத்தத்தான் சொல்லுவான் எண்டு தெரியும். மாத்த ஆசப்பட்டது நான். கம்பஸ் சேருக்கு முன்னால அந்தச் சொல்லோட போய் நிக்க எனக்குப் பயமாக் கிடந்திச்சு. உங்கள ஒரு சாட்டுக்குப் புடிச்சன்."

எனக்கு அது நிம்மதியா, இன்னொரு அடியா என்று இன்றுவரை முடிவாகவில்லை. அடுத்த கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஒட்டுங்க. கோணாம ஒட்டுங்க."